வகுப்பறையிலிருந்து பட்டறைக்குப் போகும் அறிவு: கணக்கில் யார் பெயர் இருக்கிறது?

2000-களில் விண்டோஸ் கணினியில் தமிழ் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் 'லதா' எழுத்துருவைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மின்னஞ்சல், வலைப்பூ, அலுவலகக் கடிதம் என எல்லாவற்றிலும் அந்த எழுத்துருதான். அதன் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் ஆர்.கே. ஜோஷி. ஐஐடி பம்பாயின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் (ஐ.டி.சி.) பல ஆண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியர்.

இன்னொன்று, யுபிஐ செயலியைத் திறந்தாலே கண்ணில் படும் ரூபாய்க் குறியீடு. அதை வரைந்த டி. உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அதே மையத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டிக்கு வந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை இவருடையதைத் தேர்ந்தெடுத்தது. பரிசுத் தொகை ரூ.2.5 லட்சம்.

ஒரே வளாகத்தில் வளர்ந்த அறிவு, கோடிக்கணக்கானவர்களின் கைக்குப் போயிருக்கிறது. ஆனால், "இதனால் அந்தக் கல்வி நிறுவனம் எத்தனை காப்புரிமை பெற்றது?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே இங்கே பொருந்தாது. நாட்டின் உயர்கல்வித் தரவரிசையோ அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

கல்வி நிறுவனங்களுக்கும் கலை, பண்பாட்டு, படைப்புத் தொழில்களுக்கும் இடையே அறிவு எப்படிக் கைமாறுகிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

சுருக்கமாக

- படைப்புத் துறையில் அறிவு பெரும்பாலும் ஆட்கள் வழியாகவும் கூட்டுப் பணி வழியாகவும் போகிறது. காப்புரிமைப் பத்திரம் வழியாகப் போவது குறைவு.
- நமது சட்டமும் தரவரிசையும் அறிவியல் ஆய்வகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கலைப் படைப்பும் மரபு அறிவும் அந்தக் கணக்கில் வராது.
- கணக்கில் வராததால், அறிவைக் கொடுத்தவர் பெயர் எளிதாக விடுபட்டுவிடுகிறது. அது கைவினைஞராக இருக்கலாம், மாணவராகவும் இருக்கலாம்.
- ஜவாஜா, கச்சு, திறந்த உரிம எழுத்துருக்கள் ஆகியவை இதைச் சரியாகச் செய்ய வழி உண்டு என்று காட்டுகின்றன.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அரசுப் பணம் இந்தத் துறைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்காக ஒரு பணிக்குழு அமைக்கப்படும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. இதே துறைகளுக்கான தேசிய மையத்தை மும்பையில் அமைக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுதான் இன்றைய இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (ஐ.ஐ.சி.டி.). 2026-27 பட்ஜெட்டில், இந்த நிறுவனத்தின் துணையோடு 15,000 மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் படைப்பாக்க ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். 2030-க்குள் இந்தத் துறைக்கு 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்பது அந்த உரையில் சொல்லப்பட்ட மதிப்பீடு.

இன்னும் சில ஆண்டுகளில் "பல்கலைக்கழகம் - ஸ்டூடியோ புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்ற செய்தியை நிறையப் பார்க்கப்போகிறோம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் முக்கியம்.

அறிவுப் பரிமாற்றம் என்றால் என்ன?

மருந்து ஆராய்ச்சியில் பாதை ஓரளவு நேரானது. ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு கண்டுபிடிக்கப்படும். காப்புரிமை எடுப்பார்கள். ஒரு நிறுவனம் உரிமம் வாங்கும். பல்கலைக்கழகத்துக்கு ராயல்டி வரும்.

படைப்புத் துறை இப்படி நடப்பதில்லை. இங்கே நான்கு வழிகள் உண்டு.

1. ஆட்கள்: பட்டம் வாங்கியவர் ஸ்டூடியோவுக்குப் போகிறார், தொழிலில் இருப்பவர் வகுப்பெடுக்க வருகிறார். பெரும்பகுதி அறிவு இப்படித்தான் நகர்கிறது.
2. கூட்டுப் பணி: ஒரு நிறுவனமோ கைவினைக் குழுவோ ஒரு சிக்கலைக் கொண்டுவரும், மாணவரும் ஆசிரியரும் அதில் வேலை செய்வார்கள்.
3. பொதுச் சொத்து: எழுத்துரு, இசைத் தரவுத்தொகுப்பு, கைவினை ஆவணம் போன்றவற்றை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவது.
4. புதிய நிறுவனம்: ஆய்வில் கிடைத்ததை வைத்து ஆய்வாளரே தொழில் தொடங்குவது.

நான்காவதற்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011-இல் பார்சிலோனாவின் பொம்பேய் ஃபாப்ரா பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 'காம்ப்மியூசிக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி உள்ளிட்ட ஐந்து இசை மரபுகளைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ள முடியும் என்பதே கேள்வி. ஐஐடி மெட்ராஸ் இதில் பங்கேற்றது. அந்த ஆய்விலிருந்து பெங்களூரில் மியூசிக்முனி லேப்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. பாடிப் பழக உதவும் 'ரியாஸ்' செயலி அவர்களுடையதுதான். பல்கலைக்கழகம், கலைஞர், மென்பொருள், சந்தை என்ற நான்கையும் இணைத்த கதை இது.

ஆனால் நான்கு வழிகளில் காகிதத்தில் தடம் விடுவது இந்த நான்காவது மட்டும்தான். மற்ற மூன்றும் பெரும்பாலும் யார் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகின்றன.

இந்தியாவில் இது எங்கே தொடங்கியது?

1958 ஏப்ரலில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசிடம் ஓர் அறிக்கை தந்தார்கள். இந்தியாவுக்கு எப்படிப்பட்ட வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்பதே பொருள். அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்தது ஒரு சாதாரண சொம்பைத்தான். அதன் எடை, இடுப்பில் வைத்தால் உட்காரும் விதம், தண்ணீர் ஊற்றும் வாய், விளிம்பு என ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டு வந்த வடிவம் என்றார்கள். அதை வடிவமைத்தவர் என்று ஒரு தனி ஆளைச் சுட்ட முடியாது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. சுருக்கமாக என்.ஐ.டி. என்பார்கள், திருச்சியில் இருக்கும் என்.ஐ.டி. வேறு, இது வேறு. 1969-இல் ஐஐடி பம்பாயின் ஐ.டி.சி. வந்தது. 1986-இல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) வந்தது; அதன் வளாகம் ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது.

சொம்பைப் பாராட்டிய அறிக்கையில் பிறந்த கல்வி முறைதான் இது. ஆனாலும் நடைமுறையில் அறிவு ஒரே திசையில் போவதாகவே நினைத்துக்கொண்டார்கள். வடிவமைப்பாளருக்கு யோசிக்கத் தெரியும், கைவினைஞருக்குச் செய்யத் தெரியும் என்ற பிரிவினை மெல்ல நிலைத்துவிட்டது. அதை உடைத்துப் பார்த்த முயற்சிகளில் முக்கியமானது ஜவாஜா.

ஜவாஜா: வெளியேறுவதையும் திட்டமிட்ட பேராசிரியர்கள்

ரவி மத்தாய் அகமதாபாத் ஐஐஎம்-இன் முதல் முழுநேர இயக்குநர். 1965-இல் பொறுப்பேற்று 1972-இல் தானாகவே பதவியை விட்டு இறங்கி, சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தவர். 1975 வாக்கில் ஐஐஎம்-இலும் என்.ஐ.டி.யிலும் இருந்த சிலரோடு சேர்ந்து அவர் போன இடம், ராஜஸ்தானின் அஜ்மீர் பகுதியில் இருந்த ஜவாஜா என்ற வறண்ட வட்டாரம்.

மழை குறைவு, மண் மோசம், வளம் எதுவும் இல்லை என்றுதான் அரசுக் கோப்புகள் அந்தப் பகுதியைப் பார்த்தன. மத்தாய் குழு கேள்வியை மாற்றியது: "இங்கே என்ன இல்லை என்பதை விடுங்க, மக்களுக்கு என்ன தெரியும்?" தோல் வேலை தெரிந்த ரைகர் சமூகத்தினர் இருந்தார்கள்; நெசவு தெரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்புமே சாதிப் படிநிலையில் கீழே தள்ளப்பட்டவர்கள், வியாபாரிகளையும் கடன் கொடுத்தவர்களையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

என்.ஐ.டி. ஆட்கள் அவர்களோடு உட்கார்ந்து நகரச் சந்தைக்கான பைகள், விரிப்புகளை உருவாக்கினார்கள். ஐஐஎம் ஆட்கள் விலை போடுவது, கணக்கு எழுதுவது, வாங்குபவரிடம் பேரம் பேசுவது ஆகியவற்றை அவர்களோடு சேர்ந்து செய்தார்கள். இந்த முயற்சிக்கு மத்தாய் வைத்த பெயர் 'கிராமப்புறப் பல்கலைக்கழகம்'. அதற்கென்று கட்டடமோ பட்டமோ கிடையாது. வேலையே பாடம், இரு தரப்பும் மாணவர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நிபுணர்கள் ஒருநாள் விலகிப் போக வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் பகுதி. நாங்கள் இல்லாவிட்டாலும் இது ஓடுமா என்பதுதான் வெற்றிக்கான அளவுகோல். ஜவாஜா கைவினைஞர் கூட்டமைப்பு என்று ஒன்று உருவாகி, பொருட்களைத் தன் பெயரிலேயே விற்றது. மத்தாய் 1984-இல் காலமான பிறகும் அது தொடர்ந்தது.

பாதை சுலபமாக இருந்ததா? இல்லை. படித்தவர்களின் வேகமும் ஊர்க்காரர்களின் வேகமும் வேறு. பழைய வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் நேரம் தேவைப்பட்டது. ஆறு மாத செமஸ்டருக்குள்ளோ இரண்டு ஆண்டு நிதித் திட்டத்துக்குள்ளோ அடங்கும் வேலை இல்லை இது. அதனால்தான் இதைப் பாராட்டியவர்கள் நிறைய, திரும்பச் செய்தவர்கள் குறைவு.

கச்சு: பட்டறைக்காரர் மாணவரானபோது

குஜராத்தின் கச்சுப் பகுதியில் கேள்வி இன்னொரு விதமாகக் கேட்கப்பட்டது. வடிவமைப்பாளரைக் கைவினைஞரிடம் அனுப்புவதற்குப் பதில், வடிவமைப்புக் கல்வியையே கைவினைஞருக்குக் கொடுத்தால் என்ன?

2005-இல் கலா ரக்ஷா வித்யாலயா இந்த எண்ணத்தோடு தொடங்கியது. 2014-இல் சோமையா கலா வித்யா வந்தது. இரண்டிலும் முக்கியப் பங்கு ஜூடி ஃப்ரேட்டர் என்ற ஆய்வாளருடையது. மாணவர்கள் நெசவாளர்கள், சாயம் தோய்ப்பவர்கள், அச்சுப் பதிப்பவர்கள், எம்பிராய்டரி செய்யும் பெண்கள். தொழிலை விட்டுவிட்டு வந்து படிக்க அவர்களால் முடியாது. அதனால் பாடம் இரண்டிரண்டு வாரங்களாகப் பிரிக்கப்பட்டு ஆண்டு முழுக்கப் பரவலாக நடக்கும். நிறம், அடிப்படை வடிவமைப்பு, சந்தையைப் புரிந்துகொள்வது, கடைசியில் சொந்தத் தொகுப்பு. இடைவெளியில் வீட்டுக்குப் போய்த் தறியில் செய்து பார்க்க வேண்டும்.

இங்கே வருமானக் கணக்கே மாறுகிறது. வடிவமைப்பாளர் சொன்னதைச் செய்து கொடுத்தால் கைவினைஞருக்குக் கிடைப்பது கூலி. தானே வடிவமைத்தால் பொருளின் விலையைத் தானே சொல்லலாம், தன் பெயரைப் போடலாம்.

இதே கச்சில் அஜ்ரக் அச்சுக்கலைஞர் இஸ்மாயில் முகமது கத்ரிக்கு, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003-இல் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. இயற்கைச் சாயங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரு துறைக்கே பாடம் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புரிந்தது. 2024-இல் கச்சு அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எழுத்துரு: எல்லாருக்கும் கொடுத்துவிட்டால்?

மும்பையில் 'ஏக் டைப்' என்ற எழுத்துரு வடிவமைப்புக் கூட்டு நிறுவனம் இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவர் ஐ.டி.சி.யில் பேராசிரியர். அவர்களின் 'முக்தா', 'பலூ' எழுத்துருக் குடும்பங்கள் இந்திய மொழிகள் பலவற்றில் உள்ளன. தமிழில் 'முக்தா மலர்', 'பலூ தம்பி'. கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், திருத்தலாம், தங்கள் செயலியில் சேர்க்கலாம். இன்று ஒரு ஸ்டார்ட்அப்பின் தமிழ் இணையதளம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்றால், அதன் பின்னால் இப்படி ஏதோ ஒரு திறந்த உரிம எழுத்துரு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பயன்படுத்துபவருக்கு இலவசம் என்றால், செய்வதற்கும் செலவில்லை என்று ஆகாது. தமிழில் உகர, ஊகார வரிசை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கு, சு, து, நு, மு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். 18 மெய்களுக்கும் இரண்டு வரிசை என்றால் 36 வடிவங்களைத் தனியாக வரைய வேண்டும். அவை சின்ன அளவிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் ஆங்கில எழுத்து வந்தால் பொருந்த வேண்டும். மாதக்கணக்கான உழைப்பு இது. யாராவது அதற்கு முன்கூட்டியே பணம் தந்தால்தான் திறந்த உரிமம் சாத்தியம்.

இதில் கற்க வேண்டியது எளிது. உருவாக்கும்போதே கூலி கொடுத்துவிட்டு, பின்பு எல்லாருக்கும் திறந்துவிடுவது நேர்மையான முறை. உருவாக்கியவருக்கு எதுவும் தராமல் "இது பொதுச் சொத்துதானே" என்று எடுத்துக்கொள்வது வேறு. கைவினைத் துறையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

சிக்கல் எங்கே?

முதலில் ஓர் எண். 2019-20-இல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் பேர் நெசவிலும் அது சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். பெரும்பான்மை பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ரூ.5,000-க்கும் கீழே. வடிவமைப்புக் கல்லூரிகளின் பாடத்திட்டத்துக்கும் ஃபேஷன் நிறுவனங்களின் தொகுப்புகளுக்கும் மூலப்பொருளாக இருக்கும் அறிவு இவர்களுடையது.

இனி, கணக்கு ஏன் இவர்களை எட்டுவதில்லை என்று பார்க்கலாம். காரணங்கள் மூன்று.

ஒன்று, காப்புரிமைச் சட்டம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று பட்டியல் போடுகிறது. இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளும் திரைப்படமும் அதில் உண்டு. மரபு அறிவும் உண்டு. இது தவறான விதி என்று சொல்ல வரவில்லை. மரபு அறிவை ஒரு தனியார் நிறுவனம் காப்புரிமை எடுத்து அடைத்துவைத்துவிடக் கூடாது என்பதற்கான வேலி அது. ஆனால் விளைவு என்னவென்றால், படைப்புத் துறைக்குக் காப்புரிமை என்ற கருவி பெரும்பாலும் உதவாது.

இரண்டு, தரவரிசை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், பொறியியல் பிரிவை எடுத்தால், ஆராய்ச்சி என்ற தலைப்புக்குரிய 100 மதிப்பெண்ணில் 15 காப்புரிமைகளுக்குப் போகிறது. கட்டடக்கலைக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. வடிவமைப்புக்கென்று தனிப் பட்டியல் இல்லை. ஒரு பேராசிரியர் மூன்று ஆண்டுகள் ஒரு நெசவுக் கிராமத்தில் வேலை செய்து வருமானத்தை உயர்த்திக் காட்டினாலும், அதை அப்படியே எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது.

மூன்று, பெயர். புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 1999-இல் சட்டமாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த அந்த உரிமை, ஓர் ஊரின் பெயரைப் பாதுகாக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால் தடுப்பது கடினம்.

2025 ஜூனில் இதைத்தான் பார்த்தோம். மிலன் நகர ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பைப் போலவே இருந்த காலணிகளைக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் 4 மாவட்டங்கள், கர்நாடகத்தின் 4 மாவட்டங்களுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் அது. கண்டனம் கிளம்பிய பிறகுதான் அந்த வடிவத்தின் இந்திய மூலத்தை நிறுவனம் ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு தள்ளுபடியானது. குறியீட்டைப் பதிவு செய்தவர்கள்தான் வழக்குத் தொடர வேண்டும் என்றது நீதிமன்றம். டிசம்பரில், குறியீட்டை வைத்திருக்கும் இரு மாநிலத் தோல் வாரியங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. இங்கேயே 2,000 ஜோடிகள் செய்வது என்பது திட்டம்.

இதில் கல்லூரி எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனால் கல்லூரிகளுக்கும் பாடம் இருக்கிறது. வடிவமைப்பு மாணவர்கள் கைவினை ஊர்களுக்குப் போய், செய்முறை, அச்சு, நிறச் சேர்க்கை எல்லாவற்றையும் விரிவாக ஆவணப்படுத்துவது வழக்கம். நல்ல வேலைதான், பல கலைகள் பதிவானதே அதனால்தான். சென்னையில் பிறந்த என்.ஐ.டி. பேராசிரியர் எம்.பி. ரஞ்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் வெளியிட்ட வடகிழக்கு மாநில மூங்கில், பிரம்புக் கைவினை நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல். ஆனால் எந்த ஆவணத்துக்கும் பொருந்தும் கேள்விகள் சில உண்டு. சொல்லிக் கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறதா? அவர் மொழியில் ஒரு பிரதி அவர் கைக்குப் போச்சா? அதைப் பார்த்து ஒரு நிறுவனம் பொருள் செய்தால் அவருக்கு என்ன? புறப்படும் முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால், பிறகு கேட்க இடமில்லை.

நீங்கள் மாணவரோ, படைப்புத் துறையில் வேலை செய்பவரோ என்றால்

இதே சிக்கல் உங்களுக்கும் உண்டு. கல்லூரியில் ஒரு நிறுவனத்துக்காகச் செய்த 'லைவ் புராஜெக்ட்' பிறகு கடையில் விற்கப்பட்டால் உரிமை யாருடையது? பதிப்புரிமைச் சட்டம் 1957 சொல்வதில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை:

- பொதுவாக, படைத்தவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது, அந்த வேலையின் பகுதியாகச் செய்தது என்றால் உரிமை முதலாளிக்குப் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் (பிரிவு 17).
- மாணவர் ஊழியர் கிடையாது. ஆனால் சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட தாளிலோ, கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையிலோ உரிமையை எழுதிக்கொடுத்திருக்கலாம். அதைத் தேடிப் படியுங்கள்.
- ஃப்ரீலான்ஸ் வேலையில் கவனம் தேவை. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன புகைப்படம், ஓவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவரே உரிமையாளர்.
- உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் (பிரிவு 19).
- உரிமையை விற்ற பிறகும், "இதைச் செய்தது நான்" என்று கோரும் உரிமை உங்களிடமே இருக்கும் (பிரிவு 57).
- பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பொருட்களுக்கு மேல் செய்துவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை போய்விடும் (பிரிவு 15). ஜவுளி, நகை, மேசை நாற்காலி வடிவமைப்பவர்கள் பலர் இதைத் தெரியாமலேயே இழக்கிறார்கள்.
- வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் வடிவம் அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது.

தனிப்பட்ட சிக்கல் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்ப்பது மலிவு, பின் பார்ப்பது செலவு.

அரசு என்ன செய்கிறது, எது மிச்சம்?

ஆட்கள் வழியாக அறிவு போவதற்கான கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு 'தொழில்முறைப் பேராசிரியர்' என்ற பதவிக்கு வழிகாட்டுதல் தந்தது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருந்தால், முனைவர் பட்டம் இல்லாமலே கற்பிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நிரப்பலாம். 2023-இல் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான வழிகாட்டுதலும் வந்தது. இரண்டுமே வழிகாட்டுதல்கள்தான், செய்வதும் செய்யாததும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

அளவிடும் முறைதான் இன்னும் மாறவில்லை. பிரிட்டனில் 2014 முதல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மதிப்பீட்டில், ஆராய்ச்சியால் வெளியுலகில் என்ன மாறியது என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. முதலில் 20 சதவீதம், 2021 மதிப்பீட்டில் 25. அதைக் காட்ட, யாருக்கு என்ன மாறியது என்ற கதையை ஆதாரத்தோடு எழுத வேண்டும். ஒரு அருங்காட்சியகக் கண்காட்சியும் நாடகக் குழுவோடு செய்த வேலையும் அங்கே மதிப்பெண் வாங்க முடியும். அந்த முறையிலும் குறைகள் உண்டு. நல்ல கதை எழுதுவதே ஒரு தொழிலாகிவிட்டது என்ற புகார் அங்கே பழையது. ஆனாலும் காப்புரிமைக்கு வெளியே ஒரு கட்டம் இருப்பது, கலைத் துறைப் பேராசிரியருக்கு ஊருக்குள் போக ஒரு காரணம் தருகிறது.

அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

ஜவாஜாவும் கச்சும் எழுத்துருக்களும் சொல்லித் தருவதை நான்கு கேள்விகளாகச் சுருக்கலாம்.

- அறிவு இரு பக்கமும் போகிறதா? கைவினைஞரோ தொழில் கலைஞரோ சம்பளத்தோடு வகுப்பெடுக்கிறாரா, அல்லது 'களப்பயணத்தில்' பார்க்கப்படும் காட்சிப்பொருள் மட்டும்தானா?
- உரிமை எழுத்தில் இருக்கிறதா? மாணவர், கல்லூரி, நிறுவனம், கைவினைக் குழு ஆகிய நால்வர் பெயரும் அதில் உண்டா?
- திட்டம் முடிந்த பிறகு என்ன? நிதி நின்றதும் வேலையும் நின்றுவிடுமா, அல்லது ஜவாஜாவைப் போல உள்ளூரில் ஓர் அமைப்பு மிச்சமிருக்குமா?
- எதை அளக்கிறார்கள்? எத்தனை பயிலரங்கு, எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்பது மட்டுமா, அல்லது பங்கேற்றவரின் வருமானம் மாறியதா என்பதையும் சேர்த்தா?

15,000 பள்ளிகளில் ஆய்வகம் அமைக்கப் பணம் ஒதுக்கினால் போதும், கணினி வந்துவிடும். மேலே உள்ள நான்குக்கும் பெரிதாகப் பணம் தேவையில்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தால் போதும். அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில்தான், கோலாப்பூர் செருப்புத் தொழிலாளிக்கு நேர்ந்ததைப் போல, கண்டனம் கிளம்பிய பிறகே ஒப்பந்தம் வருகிறது.